60 பீஸ் குறைந்த நாள்

நான் எழுதிய முதல் காதல் கதையில் மழை பெய்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அவள் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். அவன் வாசலில் வந்து நிற்கிறான். கரண்ட் போகிறது. ஜன்னல் வழியாக வரும் மின்னல் வெளிச்சத்தில் இரண்டு பேர் கண்களும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பை மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நெஞ்சு படபடத்தது, காலம் உறைந்தது, அவள் கூந்தலில் ஈரக்காற்று விளையாடியது.

அப்போது நானும் ஒரு பனியன் கம்பெனியில்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங்கில் இருந்த ஓர் அக்காவிடம் கதையை வாசித்துக் காட்டினேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். பாதி ஆயுளைப் பனியன் துணியில் ஓட்டையும் கறையும் தேடியே கழித்தவர். தயிர்சாதத்தைச் சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. டிபன் டப்பாவை மூடிவிட்டு, "ஏங் கண்ணு, அந்தப் புள்ளைக்குக் காலே வலிக்காதா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"காலையில எட்டரைக்கு நிக்க ஆரம்பிச்ச புள்ள. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருத்தன் எதிர்ல வந்து நிக்கறான்னா, மொதல்ல என்ன பண்ணுவா? டேபிள்ல இடுப்பச் சாச்சுக்குவா. ஒரு கால மாத்திப் போட்டு நிப்பா. முந்தானைய எடுத்து மூஞ்சியத் தொடைப்பா. நீ எழுதுனதுல அவளுக்குக் கண்ணு மட்டும்தான் இருக்குது."

காதல் காட்சி எழுதுவது பற்றி அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன், இப்போது சில பட்டறைகளில் நானே பேசுகிறேன். ஆனாலும் அந்த ஒரு கேள்வியில் கிடைத்தது வேறெங்கும் கிடைக்கவில்லை. கதைக்குள் ஒரு பெண் காதலிக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் அவள் அங்கே நிற்க வேண்டும், காலும் இடுப்பும் வலியும் உள்ள ஆளாக. மழையையும் மின்னலையும் போட்டு நான் மறைத்தது அவளைத்தான்.

அந்தக் கதையைத் திருத்த எனக்கு ஏழு மாதம் ஆனது. எழுதத் தெரியாமல் ஆன தாமதம் இல்லை. என்னைச் சுற்றி இருந்ததைப் பார்க்கத் தொடங்கியதில் ஆன தாமதம்.

எங்கள் கம்பெனியில் பேட்லாக் மெஷினில் ஒரு டெய்லர் இருந்தார். டீசர்ட்டின் அடியையும் கை ஓரத்தையும் மடித்து அடிப்பது அவர் வேலை. அவருக்கு உதவியாக ஒரு கைமடிப் பெண். அடித்து விழுகிற பீஸை இழுத்து, நூல் பிசிறு வெட்டி, எண்ணி, பண்டல் கட்டி அடுக்க வேண்டும். டெய்லருக்குப் பீஸ் ரேட், எத்தனை பீஸ் அடிக்கிறாரோ அத்தனைக்குத்தான் காசு. கைமடிக்கு ஷிப்ட் சம்பளம். இந்த இரண்டு கணக்கும் சனிக்கிழமை சம்பளத்துக்காக என் மேஜைக்கு வரும். அந்த டெய்லர் நல்ல வேலைக்காரர், தினமும் ஒரே அளவில் அடிப்பவர். ஆனால் நோட்டைப் புரட்டியபோது, மாதத்தில் இரண்டு நாள் மட்டும் அவர் கணக்கு ஐம்பது, அறுபது பீஸ் குறைவதைப் பார்த்தேன். ஒரு மாதம் இல்லை, நான்கைந்து மாதமாக. சூப்பர்வைசர் தண்ணி போடுகிறான் என்று சந்தேகப்பட்டார்.

அதே அக்காவிடம்தான் கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கைமடிப் புள்ளைக்கு மாசத்துல ரெண்டு நாள் வயித்து வலி. அந்த நாள்ல அவளை உக்காத்தி வெச்சுட்டு, அவனே எந்திரிச்சுப் பிசிறு வெட்டிக்கறான். சூப்பர்வைசர் வந்தா மட்டும் அவ கத்திரியக் கையில எடுத்துக்குவா."

அவர்கள் இருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்பதை நான் எழுத மாட்டேன், அது அவர்களுடையது. ஆனால் அந்த 60 பீஸ் என்னை விடவில்லை. ஒரு மனிதன் இன்னொருவரின் வலியைக் கண்டுபிடித்திருக்கிறான், வாய்விட்டுக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. நாள் கணக்கை மனதில் வைத்திருக்கிறான். அதற்காகத் தன் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டிருக்கிறான். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. நெஞ்சு படபடத்ததா, காலம் உறைந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதைக் கேட்ட யாரும் அவனுக்கு அவள்மேல் ஆசை இருந்ததை ஒருமுறைகூடச் சந்தேகப்பட மாட்டார்கள்.

அன்றிலிருந்து காதல் காட்சி எழுத உட்கார்ந்தால் நான் என்னையே கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி இதுதான்: மற்ற யார் கண்ணிலும் படாத எதை இவன் அவளிடம் கவனித்திருக்கிறான்? அவள் அவனிடம் எதைக் கவனித்திருக்கிறாள்? இதற்குப் பதில் கிடைக்காவிட்டால் காட்சியைத் தொடங்க மாட்டேன். "அவள் அழகாக இருந்தாள்" என்பது கவனிப்பில் சேராது, அதைத் தெருவில் போகிற எவனும் பார்ப்பான். அவள் இடது கையால் கத்திரி பிடிக்கிறாள், அதனால் வலது கைக்காரர்களுக்குச் செய்த அந்தக் கத்திரி அவள் கட்டைவிரலில் காய்ப்பு ஏற்படுத்தியிருக்கிறது என்று ஒருவன் பார்த்திருந்தால், அவன் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அவன் வளையத்தில் துணி சுற்றிய கத்திரி ஒன்றை ஒன்றும் சொல்லாமல் டேபிளில் வைத்துவிட்டுப் போகலாம். அதுவே ஒரு காட்சி.

இதையெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் குறுந்தொகையின் 167-ஆம் பாட்டைப் படித்தேன். கூடலூர் கிழார் பாடியது. பள்ளியில் படிக்காத பாட்டு. புதிதாகக் கல்யாணமான பெண் சமைக்கிறாள். கட்டித்தயிரைப் பிசைந்த விரலை உடுத்தியிருந்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள், துணியைத் துவைக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் "இனிது" என்று சாப்பிடுகிறான். கடைசி அடி: "நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே." அவள் முகம் நுட்பமாக மகிழ்ந்தது, அவ்வளவுதான்.

இந்த ஒரு பாட்டை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. எழுதுகிறவர்கள் இதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் விரலைக் காந்தளென்றும் கண்ணைக் குவளையென்றும் புலவர் சொல்கிறார். சொன்ன உடனே அந்த விரலைத் தயிரில் விட்டுவிடுகிறார், அந்தக் கண்ணைப் புகையில் விட்டுவிடுகிறார். வர்ணனை தனியாக நிற்பதற்கு ஒரு நொடிகூட இடம் தரவில்லை. கணவன் பேசுவது ஒரே ஒரு சொல், அதுவும் குழம்பைப் பற்றி. மனைவி ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் சிரித்தாள் என்றுகூட இல்லை. அது "நுண்ணிதின்" நடந்தது, அதாவது உற்றுப் பார்த்தால்தான் தெரிந்திருக்கும். உற்றுப் பார்த்தது யார்? அவளை வளர்த்த செவிலித்தாய். மகள் குடித்தனம் நடத்துகிற வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். சமைக்கத் தெரியாத பிள்ளையாக இவள் இருந்ததை அறிந்த ஒருத்தியின் கண்ணால் இந்தக் காட்சியைப் பார்ப்பதால்தான் தயிர் துடைத்த அந்தத் துணி நம்மை இப்படித் தொடுகிறது.

பார்க்கும் கண் யாருடையது என்பதை நான் இந்தப் பாட்டில்தான் கற்றேன். காதலிக்கிற இரண்டு பேரில் ஒருவர் மனதுக்குள் நுழைந்துதான் காட்சியை எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் பனியன் கம்பெனிக் கதையைக் கடைசியில் கணக்கு எழுதுகிற பெண்ணின் கண்ணால் எழுதினேன். அவளுக்குத் தெரிவது நோட்டில் இருக்கிற எண் மட்டும். அந்த எண்ணிலிருந்து அவள் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க வாசகரும் கூடவே கண்டுபிடிப்பார்.

பேச்சுக்கு வருகிறேன். பெரும்பாலான காதல் காட்சிகள் சாகிற இடம் இதுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மொழியே ஒரு பெரிய சொத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது, நாம் அதை எடுத்துச் செலவழிப்பதில்லை. ஒருவரை நீ என்பதா நீங்கள் என்பதா என்று மனம் முடிவு செய்யாத நாட்களில் நாம் என்ன செய்கிறோம்? "சாப்பிட்டாச்சா?" என்கிறோம். "கிளம்பியாச்சா?", "பஸ் கிடைச்சுதா?" என்கிறோம். அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. மரியாதையும் குறையாமல், நெருக்கமும் தெரியாமல் நழுவிக்கொள்ளும் பேச்சு. இதை நாம் எல்லோரும் வாழ்க்கையில் செய்திருக்கிறோம், எழுதும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். பத்து நாளாக "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் பதினோராம் நாள் "சாப்ட்டியா?" என்றால், அந்த ஒரு சொல் மாற்றத்தில் ஒரு அத்தியாயமே முடிந்துவிட்டது.

திருப்பூரில் இதற்கு இன்னொரு மடிப்பும் உண்டு. தேனியிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் பனியன் வேலைக்கு வந்தவர்கள் இங்கே ஏராளம். எங்கள் கொங்குப் பேச்சில் பெரும்பாலும் எல்லோருக்கும் "ங்க" உண்டு. சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க சாமி" என்போம். தெற்கிலிருந்து வந்த ஒரு பையனுக்கு இது புரியாது. நான் எழுதிய ஒரு நாவலில் இதை வைத்தேன். பெரியகுளத்துப் பையன், அவிநாசிப் பெண்.

"டீ குடிச்சாச்சா?"

"ஆச்சுங்க."

"வடை?"

"வேண்டாங்க."

அவள் தன்னைத் தள்ளி நிறுத்துகிறாள் என்றே அவன் நினைத்துக்கொள்கிறான். நாற்பது பக்கம் அந்த "ங்க" அவனைப் படுத்துகிறது. ஒருநாள் மெஷின் ஊசி அவன் ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி முறிகிறது. டெய்லர்களுக்கு இது அடிக்கடி நடக்கிற காயம்தான். அவள் பண்டலைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, பனியன் வேஸ்ட் துணி ஒன்றைக் கிழித்தபடி, "கையக் காட்டு" என்கிறாள். காட்டுங்க இல்லை, காட்டு. அவனுக்கு விரல் வலி தெரியவில்லை, அந்தச் சொல்தான் தெரிகிறது. அவளுக்குத் தான் சொன்னது தெரியவில்லை. கட்டு போட்டு முடித்துவிட்டு, "பாத்து அடிங்க" என்று பழையபடி பேசிவிட்டுப் போகிறாள்.

அந்த நாவலில் "காதல்" என்ற சொல் ஒருமுறைகூட வராது. எழுதும்போது நான் வேண்டுமென்று தவிர்க்கவில்லை. திரும்பப் படித்தபோது எங்கெல்லாம் அது இருந்ததோ அங்கெல்லாம் தேவையில்லாமல் இருந்தது, எடுத்துவிட்டேன். "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று வீட்டிலோ தெருவிலோ யார் பேசி நாம் கேட்டிருக்கிறோம்? "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்போம். அந்த வாக்கியத்தில் பிடிப்பது நான் செய்கிற செயலாக இல்லை, எனக்கு நேர்ந்ததாக இருக்கிறது. பசிக்கிற மாதிரி, குளிர்கிற மாதிரி. இளைஞர்கள் "ஐ லவ் யூ" என்று சொல்கிறார்கள், அதுவும் உண்மைதான், அதையும் எழுதலாம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அவன் எத்தனை முறை போனை எடுத்துப் பையில் வைத்தான், ரீசார்ஜ் தீர எத்தனை நாள் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வசனத்தைச் சத்தமாக வாசித்துப் பார்க்கச் சொல்வார்கள். நான் அதற்கு மேல் ஒன்று செய்கிறேன். காட்சி முழுவதையும் வசனமே இல்லாமல் ஒருமுறை எழுதுவேன். அதில் எங்கே பேசாமல் தீராது என்று தோன்றுகிறதோ அங்கே மட்டும் பேச விடுவேன். பெரும்பாலும் மூன்று, நான்கு வரிக்கு மேல் தேறாது.

இடம் பற்றி ஒரு விஷயம். நம் ஊர்களில் இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து பேச இடம் கிடையாது. லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும், தண்ணீர்க் குழாய் பொது, கக்கூஸ் பொது. எழுதுகிறவர்கள் இந்தச் சிக்கலைத் தட்டிவிட்டுக் கடற்கரைக்கோ மலைக்கோ கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். திருப்பூரிலிருந்து மலைக்குப் போய் வர ஒரு நாள் வேலை போகும், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு போட்டால் கம்பெனி முழுக்கத் தெரியும். எங்கள் பக்கம் உண்மையில் நடப்பது பேக்கரியில். சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடிந்து, சம்பளக் கவர் கையில் வந்த பிறகு, பேக்கரி வாசலில் ஒரு தேங்காய் பன்னும் இரண்டு டீயும். சுற்றிலும் கம்பெனி ஆட்கள். பதினைந்து நிமிடம். யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் என்ன பேச முடியும், பன்னை யார் பாதியாகப் பிய்ப்பது, காசை யார் கொடுப்பது என்று யோசித்தால், கடற்கரையில் கிடைக்காத இறுக்கம் அங்கே கிடைக்கும். காசு வந்தால் காதல் காட்சி கெட்டுப்போகும் என்று பயப்படாதீர்கள். ஊருக்கு அனுப்ப எடுத்து வைத்த பணத்தில் ஐம்பது ரூபாயை உருவி ஒருத்தி பூ வாங்காமல் வலி மாத்திரை வாங்கி வருகிறாள் என்றால் அந்த ஐம்பது ரூபாய் கனமானது.

இனிச் சொல்லப்போவது நான் செய்த தவறு.

என் இரண்டாவது நாவலில் கதாநாயகன் அவளுடைய டவுன்பஸ்ஸில் பதினைந்து நாள் பின்தொடர்ந்து வருவான். அவள் முகத்தைத் திருப்புவாள், முறைப்பாள், பதினாறாவது நாள் சிரிப்பாள். அதை உருக்கமான காதல் என்று நம்பித்தான் எழுதினேன். ஒரு வாசகர் சந்திப்பில், இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும், ஒரு பெண் எழுந்தாள். "அக்கா, என் பின்னாடியும் ஒருத்தன் அப்படி வந்தான். நான் ஸ்டாப்பை மாத்துனேன். அப்புறம் வேலையை மாத்துனேன். உங்க கதையில அவ ஏன் சிரிச்சான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, மன்னிப்புக் கேட்டேன். பதினைந்து நாளும் அந்தப் பெண் பஸ்ஸில் என்ன நினைத்திருப்பாள் என்று நான் ஒரு வரிகூட யோசித்திருக்கவில்லை. அவள் சிரித்தது எனக்கு அத்தியாயத்தை முடிக்க வேண்டியிருந்ததால்.

விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதை 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாகச் சேர்த்தார்கள். 2024 ஜூலையிலிருந்து அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆவது பிரிவு. சட்டத்துக்குப் பயந்து எழுதச் சொல்லவில்லை. பின்தொடர்வதைக் காதல் என்று எழுதினால் காட்சியே பொய்யாகிவிடுகிறது, ஏனென்றால் அவளுக்கு அங்கே வேறு வழி இல்லை. இப்போது நான் எந்தக் காதல் காட்சியை எழுதினாலும், அவள் எழுந்து போக ஒரு கதவைத் திறந்து வைக்கிறேன். கடைசி பஸ் வாசலில் நிற்கும், தோழி கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், வேலை காத்திருக்கும். போகலாம், போனால் ஒரு கேடும் வராது என்ற நிலையில் அவள் இன்னும் ஐந்து நிமிடம் உட்காருகிறாள். அந்த ஐந்து நிமிடம் எனக்குப் போதும். ஒவ்வொரு காட்சியையும் ஒருமுறை அடுத்தவர் பக்கத்திலிருந்து எழுதிப் பார்க்கும் பழக்கமும் அந்தப் பெண் கேட்ட கேள்வியால் வந்ததுதான். அந்தப் பிரதி அச்சுக்குப் போகாது. ஆனால் அதை எழுதாமல் அச்சுக்குப் போகிற பிரதியை எழுத முடிவதில்லை.

சாதியை விட்டுவிட்டும் நம் ஊரில் நம்பும்படி காதல் எழுத முடியாது. "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2016 மார்ச் 13 அன்று எங்கள் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்த தலித் இளைஞர் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். மனைவி கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். அதற்குப் பிறகு பல வாரம் என்னால் ஒரு காதல் காட்சியும் எழுத முடியவில்லை. மறுபடி எழுத உட்கார்ந்தபோது, இரண்டு பேர் சேர்ந்து கடைத்தெருவில் நடக்கிற சாதாரணக் காட்சியில்கூட, ஒரு பைக் மெதுவாக வந்தால் அவள் தோள் இறுகுவதை நான் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பயம் எல்லா ஜோடிக்கும் இருக்காது. யாருக்கு இருக்கும் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு நடைமுறை விவரம், நிறையக் கதைகளில் தப்பாக வருவதால் சொல்கிறேன். ஓடிப்போகிற ஜோடி காலையில் ரிஜிஸ்டர் ஆபீஸ் போய், மத்தியானம் கணவன் மனைவியாக வெளியே வருவார்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அது நடக்காது. முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள், 30 நாள் காத்திருக்க வேண்டும், அப்புறம் மூன்று சாட்சிகளோடு திருமணம். இரண்டு பேரும் இந்துக்களாக இருந்தால் வேறு வழி உண்டு. 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி உறவினரோ நண்பரோ யாராவது முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் சுயமரியாதைத் திருமணம் செல்லும், பிறகு பதிவு செய்துகொள்ளலாம். இந்த வித்தியாசம் தெரிந்தால் கதைக்குள்ளேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள். மதம் வேறாக இருக்கிற ஜோடியின் பெயரும் விலாசமும் 30 நாள் ஒரு பலகையில் தொங்குகிறது. தினமும் அந்த வழியாக யார் யார் போகிறார்கள்? அந்த 30 நாளில் அவர்கள் ஒருவருக்கொருவர் போனில் என்ன பேசுவார்கள்? அரை மணி நேரத்தில் முடிகிற ரிஜிஸ்டர் ஆபீஸ் காட்சியை எழுதுகிறவர் இதையெல்லாம் தொலைத்துவிடுகிறார்.

உடலைப் பற்றிச் சுருக்கமாக. தமிழில் உடலுக்கு இருக்கிற சொற்களில் பாதி கவியரங்கத்துக்கும் பாதி சண்டைக்கும்தான் ஆகின்றன, அதனால் சங்கடப்படுகிறோம். நான் கை, கழுத்து, முதுகு, தோள் என்ற வீட்டுச் சொற்களை விட்டு வெளியே போவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்த உடல் வியர்த்திருக்கும், பஞ்சுத்தூசி ஒட்டியிருக்கும். என் கதையில் அவன் முதன்முதலாக அவளைத் தொடுவது அவள் புருவத்தில் ஒட்டிய ஒரு துளிப் பஞ்சை எடுக்கத்தான். எடுக்கட்டுமா என்று கேட்கிறான். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஒரு பத்திரிகை ஆசிரியர் அதற்குப் பிறகு முத்தம் ஒன்று சேர்த்தால் நன்றாயிருக்கும் என்றார். நான் சேர்க்கவில்லை. கண்ணை மூடிய பிறகு எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

60 பீஸ் கதை பிறகு ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. இதழை எடுத்துக்கொண்டு அந்த அக்காவின் லைன் வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலியால் அவர் வேலையை விட்டிருந்தார். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "வாசி கண்ணு" என்றார். அரைமணி நேரம் வாசித்தேன். இந்தத் தடவை நடுவில் எங்கேயும் அவர் தலையை ஆட்டவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்த பிறகு வெளியே பொதுக்குழாயில் யாரோ குடம் வைக்கிற சத்தம் கேட்டது.

"செரி, அந்தப் பையன் அந்த வாரம் சம்பளம் கம்மியா வந்ததுக்கு ஊட்டுல என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

அதை நான் எழுதியிருக்கவில்லை. அவனுக்கு ஊரில் ஓர் அம்மா இருக்கிறாள், வாராவாரம் பணம் எதிர்பார்ப்பாள் என்பதையே நான் நினைத்திருக்கவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்து அந்தப் போன் பேச்சிலிருந்து எழுதத் தொடங்கினேன்.